ஸ்ப்ளிட் செய்தால் மரம் முழுக்க நகலாகுமா?

கடையத்தான்: நேற்று இங்கே ஒருவர் எழுதினார்: "ஃபங்ஷனல் மொழியில் மேப்பை ஸ்ப்ளிட் செய்தால் மரம் முழுக்க நகலாகும், ஃபில்டரே மேல்." படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. என்னிடம் பாபநாசம் அணையின் 40 வருட நீர்மட்டம் தேதிவாரியாக ஹாஸ்கெல் மேப்பில் இருக்கிறது, 14,610 நாள். ஹாஸ்கெல் ஒரு ஃபங்ஷனல் மொழி, பழைய தரவை மாற்றாமல் புதிதைக் கட்டும். மேப் என்பது கீ வரிசையில் மரமாக அடுக்கிய தொகுப்பு, இங்கே கீ தேதி. ஒரு வருடத்து அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை மட்டும் வேண்டும், 92 நாள். நிபந்தனைக்கு ஒத்ததைப் பொறுக்கும் ஃபில்டர் 14,610 கீயையும் தொட்டுப் பார்க்கும். ஒரு கீயில் மேப்பை இரண்டாக வெட்டும் ஸ்ப்ளிட் வேரிலிருந்து ஒரே வழியாக இறங்கும். மரம் நன்றாகச் சமன்பட்டிருந்தால் 14 படி. அந்த வழியில் உள்ள சில நோட்தான், அதாவது மரத்தின் கணுக்கள்தான், புதிது, மற்ற கிளையெல்லாம் பழைய மரத்துடையதே. நகல் எங்கே வந்தது?

பேட்டைவாசி: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லக் கூச்சமா? "சில நோட் புதிது" என்று நீங்களே சொல்கிறீர்கள். புதிது என்றால் நகல்தானே அண்ணாச்சி.

கடையத்தான்: தாரில் ஒரு சீப்பை வெட்டினால் தோப்பையே நகலெடுத்தேன் என்பீரோ வே?

பேட்டைவாசி: நகல் நகல்தான். அதுவும் ஸ்ப்ளிட் இரண்டு பக்கத்தையும் கட்டித் தருகிறது. ஒன்றைத் தூக்கிப் போடத்தானே போகிறீர்கள்?

அம்பை அக்கா: அதை விடுங்கள். வெட்டுவதற்கு நாம் கொடுத்த கீயையே ஸ்ப்ளிட் விட்டுவிடுமே! அக்டோபர் 1 வைத்து வெட்டினால் அந்த நாள் இரண்டு பக்கமும் இருக்காது. டிசம்பர் 31-ம் அப்படியே. உங்களுக்கு வந்தது 92ஆ, 90ஆ?

கடையத்தான்: அது தெரியாமலா இருப்பேன். ட்ராப்வைல்ஆன்ட்டிடோன் (எல்லைக்கு முன்னால் உள்ளதை உதிர்ப்பது), டேக்வைல்ஆன்ட்டிடோன் (எல்லை வரை எடுப்பது) என்று இரண்டு உண்டு, ஹாஸ்கெல் மேப் இருக்கும் கன்டெய்னர்ஸ் நூலகத்தின் 0.5.8 பதிப்பிலேயே வந்தவை. வேண்டிய பக்கத்தை மட்டும் கட்டும், எல்லை நாளும் தங்கும். ஒவ்வொரு நோட்டிலும் எண்ணிக்கை இருப்பதால் எத்தனை நாள் என்று உடனே சொல்லும். ஆனால் பேச்சு நகலைப் பற்றி.

அம்பை அக்கா: முதலில் ஸ்ப்ளிட் என்றீர்கள், இப்போது வேறு பெயர். 90 வந்ததா இல்லையா?

மேலப்பாளையத்தான்: க்ளோஷர் மொழியில் இரண்டு கீக்கு இடையில் உள்ளதை எடுக்க சப்ஸீக், ஒரே வரி. இதற்குப் போய் இத்தனை சண்டையா?

கடையத்தான்: அந்த சப்ஸீக்கை எண்ணச் சொல்லிப் பாரும், ஒவ்வொன்றாக நடக்கும். போன வருடம் ஜாவா மொழியின் மர மேப்பான ட்ரீமேப்பில், ஒரு பகுதியை வெட்டிய சப்மேப்பின் எண்ணிக்கை உடனே வரும் என்று சாதித்தவர் நீர்தானே? அதுவும் நடந்துதான் எண்ணும் என்று காட்டியதும் ஆளையே காணவில்லை.

மேலப்பாளையத்தான்: அத்தை வீட்டுக் கல்யாணம், ஊரில் இல்லை.

பேட்டைவாசி: பாபநாசம் முழுக் கொள்ளளவே 143 அடி. போன மாதம் நீங்கள் இங்கே போட்ட பட்டியலில் 150 தாண்டிய நாள் கிடக்கிறது. 156 அடி உள்ள சேர்வலாறு அணையின் கணக்கைக் கலந்துவிட்டு எங்களுக்குப் பாடம்!

கடையத்தான்: மட்டம் எதுவானால் என்ன, தேதி வரிசை சரிதானே? நகலுக்கு வாரும். 14,610 நோட்டும் நகலாகும் என்றீர், எங்கே என்று காட்டும்.

பேட்டைவாசி: புதிது என்றால் நகல்.

அம்பை அக்கா: 90ஆ, 92ஆ?