ஏ அண்ட் ஆர் வேலையிலிருந்து ஹாலிவுட் மியூசிக் சூப்பர்வைசர்: என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

நெய்தல்:
நம்ம படங்களில் பெரும்பாலும் ஒரே இசையமைப்பாளர் பாட்டு, பின்னணி இரண்டையும் பார்த்துக்கொள்கிறார். ஆடியோ உரிமையை மொத்தமாக ஒரு கம்பெனி வாங்கிவிடுகிறது. அமெரிக்காவில் ஏற்கெனவே வெளிவந்த பாட்டுகளைத் தேடி எடுத்துப் படத்தில் வைக்கிறார்கள். லேபிள்களில் புதுப் பாடகர்களைக் கண்டுபிடிக்கும் ஏ அண்ட் ஆர் ஆட்கள் சிலர் பிறகு மியூசிக் சூப்பர்வைசர், சவுண்ட்டிராக் தயாரிப்பாளர் என்று போகிறார்கள். இதற்கு நல்ல காது இருந்தால் போதுமா? வேறென்ன கற்க வேண்டும்?

சுருதிபேதம்:
காது இருந்தால் உள்ளே நுழையலாம். நிலைக்க வேண்டுமென்றால் உரிமைக் கணக்கு தெரிய வேண்டும்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் பப்ளிஷர் கையில், அதாவது எழுதியவர்களின் உரிமையைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியிடம். பதிவான ஒலி லேபிள் கையில். படத்தில் வைக்க முதலாவதற்கு வாங்கும் அனுமதி சிங்க் லைசென்ஸ், இரண்டாவதற்கு மாஸ்டர் லைசென்ஸ். சிங்க் கிடைத்து மாஸ்டர் கிடைக்காவிட்டால் வேறொருவரைப் பாட வைத்துப் புதிதாகப் பதியலாம். மாஸ்டர் கிடைத்து சிங்க் கிடைக்காவிட்டால் அந்தப் பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

பணம் எங்கே கைமீறும் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். நாலு பேர் எழுதிய பாட்டு. பங்கு 40, 30, 25, 5 சதவீதம். சிங்க்குக்கு 10,000 டாலர், மாஸ்டருக்கு 10,000 என்று பேசியாச்சு. இந்த ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் 'மோஸ்ட் ஃபேவர்டு நேஷன்ஸ்' ஷரத்து உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஒருத்தருக்குக் கூட்டினால் எல்லாருக்கும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும். 5 சதவீதக்காரருக்கு வர வேண்டியது 500. அவர் 750 கேட்கிறார். 250 தானே என்று தலையாட்டினால் சிங்க் 15,000, மாஸ்டரும் 15,000. மொத்தத்தில் 10,000 டாலர் கூடிப்போச்சு. அதனால் சின்னப் பங்குக்காரரிடம் முதலில் பேசுங்கள். அவர் ஆளே அகப்படவில்லை என்றால் எடிட்டருக்கு அந்தப் பாட்டைக் காட்டவே காட்டாதீர்கள்.

தந்திமீட்டி:
எடிட்டர் என்றதும் சொல்ல வேண்டியது டெம்ப் டிராக். எடிட்டிங் நடக்கும்போது தற்காலிகமாக ஒரு பாட்டைப் போட்டு வைப்பார்கள். மூணு மாதம் அதையே கேட்ட இயக்குநருக்கு வேறு எதுவும் பிடிக்காது. பட்ஜெட்டுக்குள் அடங்கும் பாட்டுகளை மட்டும் முதல் வாரமே எடிட் அறைக்கு அனுப்பிவிட வேண்டும்.

அதற்கும் முன்னால், ஸ்கிரிப்ட் கையில் வந்த அன்றே கேமரா முன் பாடுவது, ஆடுவது, வாசிப்பது எல்லாவற்றையும் தனியாகக் குறியுங்கள். அவற்றுக்கு ஷூட்டிங்குக்கு முன்பே அனுமதி எழுத்தில் வந்தாக வேண்டும். பின்னணியில் வரும் பாட்டைக் கடைசி வாரத்தில்கூட மாற்றலாம். உதடு அசைந்த பாட்டை மாற்ற ரீஷூட்தான். ஒரு காட்சியில் நடிகர் தானாக முணுமுணுக்கும் இரண்டு வரியும் இதில் சேர்த்திதான்.

சின்னப் படம் என்றால் திரைப்பட விழாக்களில் மட்டும் காட்ட ஒரு வருட ஃபெஸ்டிவல் லைசென்ஸ் மலிவாகக் கிடைக்கும். உலகம் முழுக்க, எல்லா ஊடகத்துக்கும், நிரந்தரமாக வாங்கினால் என்ன விலை என்பதையும் அதே காகிதத்தில் எழுதி வாங்குங்கள். படம் விற்றபின் கேட்டால் அவர்கள் வைத்ததுதான் விலை.

நெய்தல்:
நன்றிங்க. அப்படியானால் ஏ அண்ட் ஆர் அனுபவம் எந்த இடத்தில் கைகொடுக்கும்?

சுருதிபேதம்:
கையில் காசில்லாத படத்தில். ஒப்பந்தமாகாத பாடகரிடம் பெரும்பாலும் மெட்டும் மாஸ்டரும் இரண்டுமே இருக்கும். ஒரே மின்னஞ்சலில், அதே நாளில் அனுமதி வாங்கிவிடலாம். இதை 'ஒன் ஸ்டாப்' என்பார்கள். இப்படிப்பட்ட நூறு பேரை நேரடியாகத் தெரிந்து வைத்திருப்பதுதான் ஏ அண்ட் ஆர் ஆளின் பலம். ஆனால் 'எல்லாம் என்னுடையதுதான்' என்ற வாய்ச்சொல்லை நம்பக் கூடாது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதியவர்கள் கையெழுத்திட்ட ஸ்பிளிட் ஷீட் இருக்கிறதா, வேறு பாட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டு (சாம்பிள்) ஒட்டியிருக்கிறதா, பேண்டை விட்டு விலகியவருக்குப் பங்கு உண்டா, இந்த மூணையும் கேளுங்கள். பாட்டை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) கோப்பாக வாங்குங்கள்; குரல் இல்லாத வடிவமும் கூடவே. வசனத்துக்கு அடியில் பாடும் குரல் வந்தால் இரண்டுமே கெடும்.

லேபிள் வேலைக்கும் பட வேலைக்கும் வித்தியாசம் ஒன்று உண்டு. கொலம்பியா ரெக்கார்ட்ஸ் லேபிளில் ஜான் ஹாமண்ட் 1961-இல் பாப் டிலனை ஒப்பந்தம் செய்தார். முதல் ஆல்பம் சரியாகப் போகவில்லை. கம்பெனிக்குள்ளேயே அதை 'ஹாமண்டின் மடத்தனம்' என்றார்கள். லேபிளில் பாடகர் எடுபடும்வரை இப்படிக் காத்திருக்கலாம். படத்தில் மிக்ஸிங் தேதிக்குள் அந்தப் பாட்டு அந்தக் காட்சியில் உட்கார்ந்தாக வேண்டும், அவ்வளவுதான் அவகாசம்.

ஏழாம்கட்டை:
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு.

சிங்க் லைசென்ஸ் வாங்கியதால் சவுண்ட்டிராக் ஆல்பத்தில் போடும் உரிமை வந்துவிடாது. ஆல்பத்தில் பிரதி எடுத்து வெளியிட மெட்டுக்கு மெக்கானிக்கல் லைசென்ஸ், ஒலிக்கு லேபிளின் சம்மதம், இரண்டும் தனி. படத்தில் கேட்ட பாட்டு ஆல்பத்தில் இல்லாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது க்யூ ஷீட், அதாவது படத்தில் வரும் இசை முழுவதின் பட்டியல். பாட்டின் பெயர், எழுதியவர்கள், பப்ளிஷர், பங்கு, எழுதியவருக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம் ஆஸ்காப்பா பிஎம்ஐயா என்ற விவரம், படத்தில் ஓடும் நேரம் நிமிடம்-நொடியில், குரலா கருவியா, திரையில் தெரிகிறதா பின்னணியா, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி. அமெரிக்கத் தியேட்டர்கள் படத்திலுள்ள இசைக்கு ராயல்டி தருவதில்லை. டிவியும் ஸ்ட்ரீமிங்கும் தருகின்றன, வெளிநாட்டுத் தியேட்டர்கள் பலவும் தருகின்றன. அந்தப் பணம் இந்தத் தாளைப் பார்த்துத்தான் பிரிகிறது. பப்ளிஷர் கட்டத்தில் லேபிள் பெயரை எழுதிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. உரியவருக்கு வர வேண்டிய பணம் அங்கேயே தேங்கிவிடலாம். ஃபைனல் மிக்ஸ் முடிந்தபின் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒருமுறை முழுப்படமும் ஓட்டிப் பார்த்து நேரங்களைத் திருத்துங்கள். கடைசி வெட்டில் 40 நொடி 25 ஆகியிருக்கும்.