அமெரிக்காவில் கருக்கலைப்பை எதிர்க்கும் இடதுசாரிகள் எங்கிருந்து வந்தார்கள்?

இளம்பரிதி கேட்டது:

அமெரிக்க அரசியலைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர்கள் இடதுசாரிகள், எதிர்ப்பவர்கள் வலதுசாரிகள் என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை. 2025 ஜனவரி 23 அன்று அதிபர் டிரம்ப் 23 பேருக்குப் பொதுமன்னிப்பு வழங்கிய செய்தியைப் படித்தபோதுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. கருக்கலைப்பு மருத்துவமனைகளின் வழியை மறித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட அவர்களுள் லாரன் ஹேண்டி என்பவரும் ஒருவர். 2020 அக்டோபரில் வாஷிங்டன் நகரிலுள்ள ஒரு மருத்துவமனைக்குள் புகுந்து, சிலர் கயிற்றாலும் சங்கிலியாலும் தங்களைப் பிணைத்துக்கொண்டு வழியை அடைத்த வழக்கில் அவருக்கு 57 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அவர் சார்ந்த அமைப்பின் பெயர் 'முற்போக்குக் கருக்கலைப்பு எதிர்ப்பு எழுச்சி'. 2021இல் அதைத் தொடங்கிய டெரிசா புகோவினாக் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர், 2024இல் அக்கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வுக்கும் போட்டியிட்டவர்.

இவர்களை இடதுசாரிகள் என்று எப்படிப் புரிந்துகொள்வது? இது அண்மையில் முளைத்த ஒன்றா, இதற்குப் பின்னால் ஒரு மரபு இருக்கிறதா? பெண்ணின் உடல்மீது அரசு கைவைக்கக் கூடாது என்னும் கொள்கையோடு இவர்கள் எப்படி ஒத்துப்போகிறார்கள்? நான் யாரோடும் வாதிட வரவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

நெய்தல் எழுதியது:

இளம்பரிதி அவர்களுக்கு, இது அண்மையில் முளைத்ததன்று. இன்று நாம் காணும் அணிவகுப்புதான் புதியது. கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தும் மசோதாவில் 1967இல் கலிஃபோர்னியாவின் ஆளுநராகக் கையெழுத்திட்டவர் ரொனால்டு ரீகன். 1970இல் நியூயார்க் மாநிலத்தில் கையெழுத்திட்ட நெல்சன் ராக்ஃபெல்லரும் குடியரசுக் கட்சிக்காரரே. 1973 ஜனவரி 22 அன்று, கருக்கலைப்பை நாடெங்கும் உரிமையாக்கிய ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தபோது, அந்த எழுவரில் ஐவர் குடியரசுக் கட்சி அதிபர்களால் அமர்த்தப்பட்டவர்கள். மாறுபட்ட தீர்ப்பெழுதிய இருவரில் ஒருவரான பைரன் ஒயிட்டை நியமித்தவர் ஜான் கென்னடி.

அந்தக் காலத்தில் கருக்கலைப்பை எதிர்த்தவர்களில் பெரும்பகுதியினர் வடக்கு மாநிலங்களின் கத்தோலிக்கர்கள். அவர்கள் தொழிற்சங்கக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், ரூஸ்வெல்டின் நலத்திட்டங்களால் வாழ்வு பெற்றவர்கள். ஏழைக்கும் முதியவருக்கும் கைகொடுக்கும் அரசு பிறவாத குழந்தையையும் காக்க வேண்டும் என்பது அவர்களுக்கு ஒரே கொள்கையின் நீட்சியாகத் தெரிந்தது. வறுமை ஒழிப்புத் திட்டங்களை முன்னின்று நடத்தியவரும் 1972இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளருமான சார்ஜென்ட் ஷ்ரைவர் இந்த வழியில் வந்தவர். எட்வர்டு கென்னடி கூட 1971இல் கருக்கலைப்புக்கு எதிராகவே கடிதம் எழுதினார். ஜெஸ்ஸி ஜாக்சனும் 1970களில் எதிர்ப்பாளராகவே இருந்தார். இருவரும் பிற்பாடு நிலை மாற்றிக்கொண்டார்கள். மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக அடிபட்ட ஃபேனி லூ ஹேமரோ இறுதிவரை எதிர்த்தார். 1961இல் ஓர் அறுவை சிகிச்சையின்போது அவருடைய ஒப்புதல் இல்லாமலேயே அவருடைய கருப்பையை மருத்துவர் அகற்றிவிட்டார் என்பதை நினைவில் வைத்தால்தான் அவருடைய எதிர்ப்பின் வேர் புரியும். ஏழைப் பெண்ணின் கருவறையைப் பற்றி மற்றவர்கள் முடிவெடுப்பதை அவர் தம் உடலிலேயே அறிந்திருந்தார்.

போர் எதிர்ப்பிலிருந்து வந்தவர்கள் மற்றொரு கிளை. அணு ஆயுத எதிர்ப்பாளரான ஜூலி லெஷ், கதிர்வீச்சு கருவிலுள்ள குழந்தைகளைச் சிதைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த கூட்டமொன்றில், தற்செயலாகக் காயப்படுத்துவதே இவ்வளவு பெரிய குற்றம் என்றால் வேண்டுமென்றே அழிப்பது எப்படிச் சரியாகும் என்று ஒரு பெண் எழுந்து கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போன லெஷ் 1979இல் அணு ஆயுதத்தையும் கருக்கலைப்பையும் ஒருசேர எதிர்க்கும் அமைப்பொன்றைத் தொடங்கினார். வியட்நாம் போரின்போது படைத்துறையின் ஆவணங்களுக்கு நெருப்பிட்டுச் சிறைசென்ற பாதிரியார் டேனியல் பெரிகன், 1991இல் ராச்செஸ்டர் நகரில் ஒரு கருக்கலைப்பு மருத்துவமனையின் முன் மறியல் செய்து கைதானார். மருத்துவமனை வாயிலில் அமர்ந்து மறிக்கும் முறையையே 1970களில் தொடங்கிவைத்தவர்களில் போர் எதிர்ப்பாளர்கள் இருந்தார்கள். வலதுசாரி அமைப்புகள் அதைப் பெரிய அளவில் கையிலெடுத்தது 1980களின் பிற்பகுதியில்தான்.

யோவான் நற்செய்தியில் இயேசுவின் அங்கியைப் பற்றி, தையலில்லாமல் மேலே தொடங்கி முழுவதும் நெய்யப்பட்டது என்று வருகிறதல்லவா? போர், மரண தண்டனை, வறுமை, கருக்கலைப்பு ஆகிய அனைத்தையும் ஒரே நூலால் நெய்த எதிர்ப்பாகக் காட்ட, அமைதி இயக்கத்தைச் சேர்ந்த ஐலீன் ஈகன் 1971இல் அந்த உவமையைக் கையாண்டார். 1983 டிசம்பரில் சிகாகோ கர்தினால் ஜோசப் பெர்னார்டின் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையால் அந்தக் கருத்து பரவியது. 1987இல் 'தையலில்லா அங்கி' என்ற பெயரிலேயே ஒரு கூட்டமைப்பும் உருவானது.

மதமே இல்லாதவர்களும் இருந்தார்கள். நியூயார்க்கின் பத்திரிகையாளர் நேட் ஹென்டாஃப் ஒரு நாத்திகர். கருத்துரிமைக்காக வாழ்நாள் முழுவதும் போராடியவர். 1983இல் உடற்குறையுடன் பிறந்த ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை மறுக்கப்பட்ட வழக்கைப் பின்தொடர்ந்தபோது, தம்மோடு நின்ற உரிமை இயக்கத்தினர் அந்தக் குழந்தையின் பக்கம் நிற்காததைக் கண்டு அவர் அதிர்ந்தார். அங்கிருந்துதான் கருக்கலைப்பைப் பற்றிய அவருடைய நிலையும் மாறியது. அதன்பின் உடன் பணியாற்றிய சிலர் அவரோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

கட்சிக்குள் இவர்களுக்கு இடமில்லாமல் போனதற்கு அடையாளமாகப் பலரும் சொல்வது 1992ஆம் ஆண்டை. பென்சில்வேனியா ஆளுநர் பாப் கேசி, ஏழைக் குழந்தைகளுக்கு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்த அசல் ஜனநாயகக் கட்சிக்காரர், கருக்கலைப்பை எதிர்த்தவர். கட்சி மாநாட்டில் அவருக்குப் பேச வாய்ப்பளிக்கப்படவில்லை. 2020இல் இல்லினாய் மாநிலத்தின் டேன் லிபின்ஸ்கி உட்கட்சித் தேர்தலில் தோற்றபோது, மக்களவையில் எஞ்சியிருந்த ஓரிருவரில் ஒருவரும் போனார்.

அருள்மொழி எழுதியது:

நெய்தல் வரலாற்றைச் சொல்லிவிட்டார். இளம்பரிதியின் கடைசிக் கேள்விக்கு, இந்த எண்ணம் கொண்ட ஒருத்தியாகவே மறுமொழி எழுதுகிறேன். நான் அமெரிக்காவில் வசிப்பவள், தொழிற்சங்க உறுப்பினர், கடவுள் நம்பிக்கை அற்றவள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் கருவுற்றிருந்தபோது வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்நாட்டில் 1993ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் தருவது 12 வாரச் சம்பளமில்லா விடுப்பு மட்டுமே. அதுவும் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஓராண்டு பணி முடித்தவர்களுக்கே. எனக்கு அதுவும் கிடையாது. என் மேலாளர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. "உங்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றனவே" என்று மிகக் கனிவாகச் சொன்னார். நான் வேலையை விட்டேன், என் மகளைப் பெற்றேன், கடனில் விழுந்தேன். அந்தக் கனிவான சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது. என் குழந்தைக்கு இடமளிக்கும்படி வேலையை மாற்றுவதைக் காட்டிலும், வேலைக்கு இடமளிக்கும்படி என் உடலை மாற்றிக்கொள்வது அவர்களுக்கு மலிவாக இருந்தது.

2004இல் அமெரிக்காவில் கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், அவர்களில் 73 விழுக்காட்டினர் குழந்தை வளர்க்க வசதியில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அந்த ஆய்வை நடத்தியது கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் குட்மாக்கர் நிறுவனம். வறுமை ஒரு பெண்ணை நெருக்கி ஒரு முடிவுக்குத் தள்ளும்போது, அந்த முடிவுக்குச் 'சுதந்திரத் தேர்வு' என்று பெயர் வைப்பதை வேறு எந்த விஷயத்திலும் இடதுசாரிகள் ஏற்பதில்லை. கூலி குறைந்த வேலையை ஒருவர் 'விரும்பி' ஏற்றார் என்று முதலாளி சொன்னால் நாம் கேட்டுக்கொண்டிருப்போமா? 2022இல் ரோ தீர்ப்பு வீழ்ந்தபோது, பல பெருநிறுவனங்கள் பிற மாநிலங்களுக்குச் சென்று கருக்கலைப்பு செய்துகொள்ளப் பயணச் செலவு தருவதாக அறிவித்தன. ஒரு பயணச்சீட்டின் விலையையும் ஓர் ஆண்டு குழந்தைப் பராமரிப்பின் விலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

கரு மனித உயிரின் ஒரு பருவம் என்று நான் நம்புகிறேன். வலிமையற்றவரின் பக்கம் நிற்பதுதான் இடதுசாரி என்றால், குரலே இல்லாத அந்த உயிரை மட்டும் கணக்கிலிருந்து நீக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 1972இல் தொடங்கிய 'உயிருக்கான பெண்ணியவாதிகள்' அமைப்பும் இதைத்தான் சொல்லி வருகிறது. (தொடக்ககால வாக்குரிமைப் போராளிகள் எல்லாரும் எங்கள் பக்கம் என்று எங்களவர்கள் சிலர் மேடையில் பேசுவதை நான் ஏற்பதில்லை, வரலாற்றாசிரியர்கள் அதை மறுக்கிறார்கள், மறுப்பில் நியாயமும் இருக்கிறது.) 2017இல் வாஷிங்டனில் நடந்த மகளிர் பேரணியின் பங்கேற்பு அமைப்புகளின் பட்டியலிலிருந்து 'புதிய அலைப் பெண்ணியவாதிகள்' நீக்கப்பட்டபோது எங்களில் பலர் அழுதோம். ஆயினும் பேரணியில் நடந்தோம்.

கதிரொளி எழுதியது:

அருள்மொழி அம்மா, உங்கள் அனுபவத்தைப் படித்து மனம் கனத்தது. உங்களுக்கு நேர்ந்தது அநீதி. ஆனால் நான் எதிர்ப்பக்கம் நிற்பவன், அதே இடதுசாரித் தரையில் நின்றே எதிர்க்கிறேன்.

வறுமை தள்ளுகிறது என்றால் வறுமையை அகற்றுவதே வழி; அதை அகற்றாமல் கதவை மட்டும் பூட்டினால், ஏற்கெனவே நெருக்கப்பட்ட பெண்ணை இருபுறமும் நெருக்குவதாகும். இது வெறும் ஊகமன்று. ரோவை வீழ்த்திய 2022 ஜூன் 24 தீர்ப்புக்குப் பின் கருக்கலைப்பை ஏறத்தாழ முழுமையாகத் தடைசெய்த டெக்சஸ், மிசிசிப்பி, அலபாமா, டென்னசி ஆகிய நான்கும் ஏழைகளுக்கான மெடிகெய்டு மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க மறுத்த மாநிலங்கள். 2021இல் குழந்தைகளுக்கான வரிச்சலுகை விரிவாக்கப்பட்டு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 300 டாலர் வரை குடும்பங்களின் கைக்குப் போனபோது, குழந்தைகளின் வறுமை விகிதம் 5.2 விழுக்காட்டுக்கு இறங்கியது. சலுகையை நீட்டிக்காமல் விட்டதும் மறு ஆண்டே 12.4க்கு ஏறியது. அந்த உதவியைக் கொண்டுவந்த சட்டத்துக்கு, கருக்கலைப்பை எதிர்ப்பதாகச் சொல்லும் குடியரசுக் கட்சியின் ஓர் உறுப்பினர்கூட வாக்களிக்கவில்லை. நீங்கள் கேட்பவை இரண்டு: தடையும் துணையும். உங்கள் கூட்டாளிகள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவமனை வாயில்களைப் பாதுகாக்கும் சட்டம் 1994இல் வந்தது, 1993இல் ஃபுளோரிடாவில் மருத்துவர் டேவிட் கன் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர். 2009இல் கான்சஸில் மருத்துவர் ஜார்ஜ் டில்லர் தேவாலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். அறவழியில் அமர்ந்திருப்பதாகச் சொல்பவர்களை நான் கொலைகாரர்களோடு சேர்க்கவில்லை. ஆனால் அந்த வாயிலுக்கு வரும் பெண்ணுக்கு, தன் வழியில் அமர்ந்திருப்பவர் எந்த வகையினர் என்று எப்படித் தெரியும்? வாஷிங்டன் மறியலில் ஒரு செவிலியர் தள்ளப்பட்டுக் கணுக்காலில் காயமடைந்தார். தொழிலாளிக்காகப் பேசும் இயக்கத்துக்கு அவரும் தொழிலாளிதானே?

இன்னொன்று. 'உயிருக்கான பெண்ணியவாதிகள்' கருத்தடையைப் பற்றி எந்த நிலைப்பாடும் எடுப்பதில்லை. கருக்கலைப்பின் தேவையைக் குறைக்கும் மிக எளிய வழியைப் பற்றி மௌனம் காக்கும் அமைப்பைப் பெண்களின் அமைப்பு என்று ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

அருள்மொழி எழுதியது:

கதிரொளி, நீங்கள் குறிப்பிட்ட நான்கு மாநிலங்களைப் பற்றி எனக்குச் சொல்ல மறுமொழி இல்லை. கருத்தடையைப் பற்றிய மௌனத்தையும் நான் தவறென்றே கருதுகிறேன். எங்களுக்குள் அதைப் பற்றிப் பெரிய சண்டையே உண்டு. சட்டப்படி தடை வேண்டும் என்பவர்களும், தடையைவிடத் தேவையை இல்லாமலாக்குவதே முதல் வேலை என்பவர்களும் ஒரே பதாகையின் கீழ் நடக்கிறார்கள். நான் இரண்டாம் வகை. துணை வராமல் வந்த தடையை வெற்றி என்று கொண்டாட என்னால் முடியவில்லை என்று 2022லேயே என் தோழர்களிடம் சொன்னேன். சிலர் அதற்காக என்னை விட்டு விலகினார்கள்.

ஆனால் இருதரப்பும் சேர்ந்து சாதித்தவையும் உண்டு. 1978இல் கருவுற்ற பெண்களை வேலையில் பாகுபடுத்துவதைத் தடைசெய்த சட்டத்துக்காகப் பெண்ணியவாதிகளும் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்களில் ஒரு பகுதியினரும் ஒன்றாக நின்றார்கள். கருவுற்ற தொழிலாளிக்கு உட்கார நாற்காலியும் தண்ணீர் குடிக்க இடைவேளையும் தர வேண்டும் என்னும் சட்டம் 2022 டிசம்பரில் நிறைவேறியபோது, கத்தோலிக்க ஆயர் பேரவையும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியமும் ஒரே பக்கத்தில் இருந்தன. 2024இல் அதன் விதிமுறைகளில் கருக்கலைப்புக்கான விடுப்பும் சேர்க்கப்பட்டது. ஆயர்கள் வழக்குத் தொடுத்தார்கள், கூட்டணி உடைந்தது.

இளம்பரிதி எழுதியது:

மூவருக்கும் நன்றி. 1978ஆம் ஆண்டுச் சட்டம் உருவான விதத்தைத்தான் அடுத்துப் படிக்கப் போகிறேன். மருத்துவக் காப்பீட்டில் கருக்கலைப்புக்குப் பணம் தர வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்ற விலக்கை அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியில் இருதரப்பும் எப்படி ஒத்துப்போனார்கள் என்பது தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.