கரந்தை வீட்டார் குழு: தீபாவளி விடுமுறையில் பார்த்த படங்கள்

2 நவம்பர் 2024, சனிக்கிழமை

விஜயா அத்தை: எல்லோருக்கும் காலை வணக்கம். நேற்று ராத்திரி மெய்யழகன் பார்த்து முடித்தேன். கவிதா நெட்ஃபிளிக்ஸில் போட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். முடியும்போது மணி ஒன்று.

இளங்கோ: எப்படி இருந்தது அத்தை?

விஜயா அத்தை: கல்யாண மேடையில் அரவிந்த் சாமி அந்தத் தங்கச்சிக்கு ஒவ்வொரு நகையாகப் போட்டுவிடுகிறாரே, அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையிலேயே உட்கார்ந்து அவள் காலில் கொலுசை மாட்டுகிறார். அந்தப் பெண் அழுகிறது. இத்தனை வருஷம் ஏன் ஊர்ப் பக்கமே வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அதெல்லாம் தேவைப்படவே இல்லை.

மாலா சித்தி: ஆமாம் அண்ணி. அந்த இடத்தில் நானும் அழுதேன்.

நிலா: எனக்கும் மேடைக் காட்சி பிடித்தது அத்தை. ஆனால் அதற்கப்புறம் படம் நகரவே இல்லை. அரவிந்த் சாமியும் அவர் உறவினராக வரும் கார்த்தியும் உட்கார்ந்து விடிய விடியப் பேசுகிறார்கள். நான் நடுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

இளங்கோ: நிலா, நீ பார்த்தது குறைத்த பிறகு உள்ள படம். செப்டம்பர் 27 அன்று தியேட்டரில் வந்தபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடியது. சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை எடுத்துவிட்டார்கள். நான் முதல் நாளே முழுசாகப் பார்த்தேன்.

நிலா: குறைத்த பிறகும் எனக்கு நீளமாக இருந்ததே அண்ணா. அப்படியென்றால் குறைத்தது சரிதானே?

இளங்கோ: எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடுத்ததில் பெரும்பகுதி அந்த ராத்திரிப் பேச்சு. கரிகாலன், பழைய போர்கள், ஈழம், தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு என்று கார்த்தி பேசிக்கொண்டே போவார். கதை நடப்பது 2018இல். தூத்துக்குடியில் மக்கள் சுடப்பட்டது அந்த வருஷம் மே மாதம். நீடாமங்கலத்தில் இருக்கும் ஒருவனுக்கு அது நேற்று நடந்த சாவு. யார் எங்கே செத்தாலும் தன் வீட்டுத் துக்கமாக எடுத்துக்கொள்கிறவன் அவன் என்பது அந்தப் பேச்சில்தான் தெரியும். அதை எடுத்துவிட்டால் விழுந்து விழுந்து கவனிக்கிற பாசக்கார உறவினன் மட்டும்தான் மிச்சம். அவனையும் நமக்குப் பிடிக்கும், ஆனால் ஆள் பாதியாகிவிட்டான்.

கவிதா: அத்தான், நானும் முதல் வாரமே பெங்களூரில் முழுப் படம் பார்த்தேன். நீங்கள் சொல்கிற அந்த இடத்தில்தான் எனக்குப் படம் விட்டுப்போனது. அதுவரை அவன் சைக்கிள், அவன் காளை, அவன் மனைவி என்று அவன் வாழ்க்கையைப் பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று இயக்குநர் சொல்ல நினைத்ததையெல்லாம் அவன் வாயில் வைத்துவிட்டார் என்று தோன்றியது. எனக்கு முன்னால் இருந்த வரிசையில் வரிசையாகச் செல்போன் வெளிச்சம்.

இளங்கோ: செல்போனை எடுத்தார்கள் என்பதற்காக வெட்டினால் நாளைக்கு யாருமே நிதானமான படம் எடுக்க முடியாது கவிதா.

கவிதா: அவர்களும் காசு கொடுத்து வந்தவர்கள்தானே. ராத்திரிக் காட்சி முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கு 18 நிமிடம் பெரிய விஷயம். தவிர, வெளியே யாரும் வந்து வெட்டவில்லை. படம் எடுத்தவர்களே முடிவு செய்து குறைத்தார்கள். அந்த உரிமை அவர்களுக்கு உண்டு.

இளங்கோ: உரிமை உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. மெய்யழகன் இயக்குநர் பிரேம்குமாரின் முதல் படம் 96. அதுவும் இரண்டு பேர் ஒரு ராத்திரி முழுக்கப் பேசுகிற படம்தான். 2018இல் அதை ஊரே கொண்டாடியது. காதலர்கள் பேசினால் பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறோம். இரண்டு ஆண்கள், அதுவும் உறவுக்காரர்கள், மனம் விட்டுப் பேசினால் நமக்கு நீளமாகத் தெரிகிறது. இரண்டு ஆம்பளைகள் சண்டை இல்லாமல், பழி வாங்காமல், ஒருவரை ஒருவர் நேசித்துக்கொண்டு படம் முழுக்க வருவது நம் சினிமாவில் எத்தனை தடவை நடந்திருக்கிறது? அதனால்தான் எனக்கு அந்த 18 நிமிடத்தின் மேல் இவ்வளவு ஆதங்கம்.

விஜயா அத்தை: இது நல்ல கேள்வி இளங்கோ.

நிலா: நான் இதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் எனக்கு மெதுவாகப் போகிற படம் பிரச்சினையே இல்லை. வாழை பார்த்தேன். அதுவும் அவசரமே படாத படம். முதல் பாதியில் பள்ளிக்கூடம், டீச்சர், ரஜினி பெரியவரா கமல் பெரியவரா என்று இரண்டு பையன்கள் சண்டை. ஆனால் எழுந்து போக மனசே வரவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விடுமுறை என்றால் மறுநாள் அந்தப் பையன் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். அது தலைக்கு மேலேயே இருக்கிறது. அவன் சிரிக்கும்போது நமக்குப் பயமாக இருக்கிறது. மெய்யழகனில் அப்படி எதுவும் இல்லையே.

இளங்கோ: இருக்கிறதே. இவ்வளவு அன்பு காட்டுகிறவனுடைய பெயர் அரவிந்த் சாமிக்குத் தெரியாது. எந்த நிமிஷமும் மாட்டிக்கொள்ளலாம். நேரம் ஆக ஆகக் கேட்கவும் முடியாது. அன்பு கூடக் கூட அவருக்குக் குற்ற உணர்ச்சி கூடுகிறது. கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போகிற அளவுக்கு.

நிலா: அது அழகான யோசனைதான். ஆனால் அந்த ஒரு நூலை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வாழையில் அந்தப் பையன் பசியோடு ஒரு வாழைப்பழத்தை எடுத்ததற்கு அடி வாங்குகிறான். ஊரே ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, வீட்டுக்கு வந்து சோற்றை அள்ளி வாயில் போடுகிறான். அம்மா பார்த்துவிடுகிறாள். எனக்கு அதற்கு மேல் எதையும் யோசிக்க முடியவில்லை. இயக்குநர் தன் சின்ன வயதில் பட்டதை எடுத்திருக்கிறார் என்று அப்புறம்தான் படித்தேன்.

மாலா சித்தி: அந்தப் படத்தை நான் பாதியில் நிறுத்திவிட்டேன். பாரம் ஏற்றின லாரி மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். தனி வண்டிக்குக் காசு கொடுக்க மனசில்லை. அதைப் பார்த்ததும் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது. இன்னொரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு பார்க்கிறேன்.

சுந்தரம் பெரியப்பா: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். காலையில் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். நானும் மெய்யழகன் பார்த்தேன், இங்கே தஞ்சாவூரில், தியேட்டரில். நீளமா குறைவா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. வேறு ஒன்று சொல்கிறேன்.

சுந்தரம் பெரியப்பா: 1996இல் சொத்துத் தகராறில் அரவிந்த் சாமி குடும்பத்தார் வீட்டை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகிறார்கள். 22 வருஷம் கழித்து வருகிறவன் மனசில் இருப்பதெல்லாம் தான் இழந்ததுதான். ஆனால் அவன் விட்டுப்போன பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. இவனுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. அவர்கள் வீட்டில் அதைத் தெய்வம் மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றி எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். போனவன் விட்டுச் சென்ற பொருள் இருந்தவனிடம் என்ன ஆனது என்று கேட்ட படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இளங்கோ: பெரியப்பா, இதை நான் யோசிக்கவே இல்லை.

சுந்தரம் பெரியப்பா: நம் கரந்தை வீட்டை விற்றபோது கூடத்து ஊஞ்சலை எதிர் வீட்டுக்காரர்களிடம் கொடுத்தோம். அது இன்னும் அவர்கள் வீட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது. மேலே பித்தளைச் சங்கிலிகூட அதேதான். போன மாதம் போனபோது பேரப்பிள்ளை அதில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். விஜயா எப்படி இருக்கிறாள் என்று அந்தம்மா கேட்டார்கள்.

விஜயா அத்தை: அண்ணா, இதை ஏன் அப்போதே சொல்லவில்லை? அடுத்த தடவை தஞ்சாவூர் வரும்போது நான் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

சுந்தரம் பெரியப்பா: அனுப்புகிறேன்மா.

கவிதா: மாமா சொன்னதைப் படித்த பிறகு மறுபடி பார்க்கலாம் போல இருக்கிறது. குறைத்த படத்தையே பார்க்கிறேன் அத்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இளங்கோ: பார்த்தால் போதும்.

மாலா சித்தி: சரி, தீபாவளிப் படத்துக்கு வருவோம். வியாழக்கிழமை மதியம் தாம்பரத்தில் அமரன் பார்த்தோம். ஒரு சீட் காலி இல்லை. மேஜர் முகுந்த் வரதராஜனும் இந்துவும் சந்தித்துக்கொள்வது இங்கே மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில். திரையில் கல்லூரி வந்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை. இந்துவாக வரும் சாய் பல்லவிதான் படம். அவர் கண் வழியாகத்தான் முழுக்கதையும். டில்லியில் குடியரசு தின அணிவகுப்பில் அசோக சக்ரா வாங்கும் இடத்தில் அழக்கூடாது என்று தன்னையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். தியேட்டரில் அத்தனை பேரும் அழுதார்கள்.

நிலா: முகுந்தாக வரும் சிவகார்த்திகேயனை இப்படிப் பார்த்ததே இல்லை. நடை, குரல் எல்லாமே மாறியிருக்கிறது. அம்மா சொல்வது போல இந்துவின் பக்கத்திலிருந்து சொன்னதுதான் படத்தின் பலம். போரில் இருப்பவரின் வீட்டில் போன் மணி அடித்தால் எப்படி இருக்கும் என்பதை அவர் முகத்திலேயே பார்த்துவிடலாம்.

கவிதா: நானும் வெள்ளிக்கிழமை பார்த்தேன். குடும்பப் பகுதி முழுக்கப் பிடித்தது. காஷ்மீர்ப் பகுதியில் எனக்கு ஒரு குறை. அங்கே வாழ்கிற சாதாரண ஜனங்கள் யாரும் மனசில் நிற்கவில்லை. கல் எறிகிற கூட்டமாகவோ சந்தேகத்துக்குரியவர்களாகவோதான் பெரும்பாலும் வருகிறார்கள். 2014இல் ஷோபியானில் அவர் உயிர் கொடுத்தார். அந்த ஊரில் காய்கறி விற்கிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இவர்களையும் நிதானமாகக் காட்டியிருந்தால் அந்தத் தியாகம் இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

மாலா சித்தி: நீ சொல்வது எனக்குப் புரிகிறது கவிதா. ஆனால் இது அந்தப் பெண்ணுடைய கதை. அவள் அறிந்த அளவுதான் நமக்கும் தெரிகிறது. அவளுக்கு அந்த ஊர் புருஷன் போய்த் திரும்பாத இடம்.

கவிதா: சண்டைக் காட்சிகளில் அவள் இல்லையே அத்தை. அங்கே பார்ப்பது இயக்குநரின் கண்தான்.

இளங்கோ: கவிதா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

3 நவம்பர் 2024, ஞாயிற்றுக்கிழமை

சுந்தரம் பெரியப்பா: லப்பர் பந்து ஹாட்ஸ்டாரில் வந்துவிட்டது. நேற்று ராத்திரி பார்த்தேன். கெத்து என்ற பெயரில் வரும் அட்டகத்தி தினேஷ் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ பாட்டைப் போடுகிறார்கள். விஜயகாந்தின் பொன்மனச்செல்வன், 1989. இளையராஜா. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் போன டிசம்பரில்தான் போனார். அவருக்கு இதைவிட நல்ல அஞ்சலி யாரும் செய்ய முடியாது.

நிலா: பெரியப்பா!! எனக்கு இந்த வருஷத்தின் சிறந்த படம் இதுதான். எங்கள் கல்லூரியில் விஜயகாந்த் படமே பார்க்காதவர்கள்கூட இப்போது அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டு திரிகிறார்கள்.

இளங்கோ: தமிழரசன் பச்சமுத்துவுக்கு இது முதல் படம் என்று சொன்னால் நம்பவே முடியவில்லை. மாமனாருக்கும் வரப்போகிற மருமகனுக்கும் கிரிக்கெட்டில் வீம்பு. கதை அவ்வளவுதான். ஆனால் ஜாதியை எங்கே வைத்தார் பாருங்கள். யாரை அணியில் சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்பதில் வைத்தார். வசனத்தில் உரக்கக் கத்தத் தேவையே வரவில்லை. ஆட்டம் பார்க்கிற நமக்கே கோபம் வருகிறது.

மாலா சித்தி: எனக்கு கெத்துவின் மனைவி யசோதைதான். புருஷன் விளையாடுகிற ஆடுகளத்தை டிராக்டர் ஓட்டி வந்து உழுதுவிடுகிறாளே! அவளுடைய கோபம் ஒவ்வொன்றும் நியாயம். சுவாசிகா அதில் கதாநாயகனுக்கு மாமியார். நிஜத்தில் ஹரிஷ் கல்யாணைவிட வயது குறைந்தவர். ஒரு காட்சியிலாவது அது தெரிந்ததா?

விஜயா அத்தை: தெரியவே இல்லை மாலா. அப்புறம் அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் எப்படி இருக்கிறார்கள்! சண்டைக்காகவே மாமியாரை எழுதுகிற படங்கள் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன எனக்கு இது நிறைவாக இருந்தது. அட்டகத்தி தினேஷ் மனைவி இல்லாத வீட்டில் திணறுகிற இடமும் நன்றாக இருந்தது.

கவிதா: பெண் பிள்ளையும் அணியில் ஆடுகிறாள். அதைப் பெரிய புரட்சி மாதிரி காட்டாமல் ஆட்டத்தோடு ஆட்டமாக விட்டார்கள். என் மகள் அதைப் பார்த்துவிட்டுப் பந்து வாங்கிக் கொடு என்கிறாள். இன்று வாங்கப் போகிறேன்.

இளங்கோ: இந்த மாதிரிப் படங்களை நாம் தியேட்டரில் முதல் வாரமே பார்க்க வேண்டும். லப்பர் பந்து செப்டம்பர் 20 அன்று வந்தது. பெரிய நடிகர் யாரும் இல்லை. பார்த்தவர்கள் பார்த்தவர்களுக்குச் சொல்லித்தான் கூட்டம் சேர்ந்தது. நம் குழுவில் தியேட்டரில் பார்த்தது நானும் நிலாவும் மட்டும்.

சுந்தரம் பெரியப்பா: சரி தம்பி, இனிமேல் நீ பார்த்ததும் இங்கே போடு. நான் மறுநாளே போகிறேன். இன்று மதியம் அமரனுக்கு டிக்கெட் கிடைக்குமா? எனக்கும் உன் பெரியம்மாவுக்கும்.

நிலா: இருங்கள் பெரியப்பா, பார்க்கிறேன்.

நிலா: மதியம் நிரம்பிவிட்டது. சாயங்காலம் ஆறரைக்கு இரண்டு சீட் ஒன்றாக இருக்கிறது, பின்வரிசை. போடட்டுமா?

சுந்தரம் பெரியப்பா: போடு கண்ணு. ஓரத்துச் சீட் என்றால் நல்லது, பெரியம்மாவுக்கு முட்டி வலி.

நிலா: ஓரம்தான். போட்டுவிட்டேன். டிக்கெட்டை உங்கள் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன்.

மாலா சித்தி: மாமா, சண்டைக் காட்சியில் சத்தம் மிக அதிகம். அக்காவுக்குக் காதில் வைக்கக் கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கொண்டு போங்கள்.