மாடித் தொட்டி மோட்டார்: ஹோம் அசிஸ்டென்ட்டா, வெறும் ஃப்ளோட் சுவிட்ச்சா?

கயல்_கோவை:
ஈரோட்டில் அம்மா தனியாக இருக்கிறார். சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு 1 எச்பி மோட்டார். ரெண்டு வருஷம் முன்னால் மொபைல் ஆப்பில் ஓடும் கன்ட்ரோலர் ஒன்று மாட்டினேன். போன மாதம் அந்தக் கம்பெனி சர்வரை நிறுத்திவிட்டது. பெட்டியில் பச்சை விளக்கு இன்னும் எரிகிறது, ஆனால் சொன்னதைக் கேட்காது. இனி அப்படி வேண்டாம். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், யாரும் இலவசமாக எடுத்து ஓட்டலாம்), மோட்டார் பக்கம் இஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை போர்டும், அது சொன்னபடி மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ரிலேயும், எல்லாம் வீட்டுக்குள்ளேயே. யாராவது செய்திருக்கிறீர்களா?

கரூர்_வயர்மேன்:
வேணாம் தங்கச்சி. அந்த நீலக் கலர் ரிலேல 10 ஆம்ப்னு போட்டிருக்கும், நம்பாதே. 1 எச்பி மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்ப். கிளம்பும்போது அதுக்கு மேல பல மடங்கு இழுக்கும். போன வருஷம் ஒரு வீட்டுல இதே செட்டப். போன்ல ‘ஆஃப்’னு காட்டுது, மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. தொட்டி வழிஞ்சு, சம்ப் காலியாகி, தண்ணியில்லாம ஓடி காயில் கருகிப் போச்சு. ரிலேயை உடைச்சுப் பார்த்தா ரெண்டு பாயிண்டும் உருகி ஒட்டியிருந்தது, ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பித்தான் பிரிச்சேன். தொட்டி நிறைஞ்சா மிதவை மேல வந்து மோட்டாரை நிறுத்துற ஃப்ளோட் சுவிட்ச் சில நூறு ரூபாய். அது போதும்.

கயல்_கோவை:
அது ரிலேயின் தப்பு, ஓப்பன் சோர்ஸின் தப்பு இல்லை அண்ணா. ரிலே, காண்டாக்டரின் (பெரிய கரண்ட்டைத் தாங்கும் சுவிட்ச்) காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும், மோட்டார் லோடு காண்டாக்டர் வழியே போய்விடும். ஹோம் அசிஸ்டென்ட் 2013இல் பவுலுஸ் ஸ்கவுட்சன் தொடங்கியது. 2024இலிருந்து ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் கையில் இருக்கிறது. நாளைக்கு யார் விலகினாலும் என் வீட்டில் ஓடுவதை யாரும் நிறுத்த முடியாது.

பைத்தான்_பழனி:
கயல், தொட்டி நிறைஞ்சா நிறுத்துற லாஜிக்கை ராஸ்பெர்ரி பையில் வைக்காதீங்க. கரண்ட் போய்ப் போய் வந்தா எஸ்டி கார்டு கெட்டுப்போகும். இஎஸ்பி போர்டுக்கு புரோகிராம் எழுதுற இஎஸ்பிஹோமில் போர்டுக்குள்ளேயே எழுதிடுங்க. அதிலும் ஒண்ணு இருக்கு: ஹோம் அசிஸ்டென்ட் 15 நிமிஷம் தொடர்பில் இல்லாட்டி போர்டு தானா ரீபூட் ஆகும், அதுதான் டீஃபால்ட். இஎஸ்பிஹோம் செட்டிங்ல ஏபிஐ (ஹோம் அசிஸ்டென்ட்டோட பேசுற வழி), வைஃபை ரெண்டிலும் ரீபூட் டைம்அவுட்டை 0 ஆக்கணும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு ராத்திரி ஆச்சு.

கரூர்_வயர்மேன்:
இதைத்தான் சொல்றேன். நாளைக்கு போர்டு நின்னா ஈரோட்டுல அம்மா யாரைக் கூப்பிடுவாங்க? எங்க ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியாது. ஃப்ளோட்னா எந்த எலக்ட்ரீஷியனும் வந்து மாத்திடுவான். அம்மா சுவிட்சைப் போட்டா மோட்டார் ஓடணும், வைஃபை இருந்தாலும் இல்லாட்டியும்.

கயல்_கோவை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. ஃப்ளோட்டே நிறுத்தட்டும். ஆனால் போர்டை விட மாட்டேன். அம்மா தினமும் காலை 5.30க்கு மோட்டார் போடுவார். அது ஓடியது தெரிந்தால் அவர் எழுந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். ஃப்ளோட் அதைச் சொல்லாது. இன்னொரு கம்பெனி சர்வரிடம் அதை ஒப்படைக்கவும் மனசில்லை.

கரூர்_வயர்மேன்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. அப்ப ரிலேயே வேண்டாம். வயரைச் சுத்தி மாட்டுற சிடி கிளாம்ப் போடு, மோட்டார் ஓடுதா இல்லையான்னு மட்டும் போர்டு பாக்கட்டும். பேஸ் வயர்ல மட்டும் மாட்டு. நியூட்ரலையும் சேர்த்துப் பிடிச்சா ஒண்ணும் காட்டாது. ஃப்ளோட்டுக்கு 24 வோல்ட் காயில் காண்டாக்டர் வாங்கு. தொட்டித் தண்ணிக்குள்ள 230 வோல்ட் இறங்கக் கூடாது.