அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

வெள்ளி

நான் (காலை 9:40): ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் என்னை யாரும் தேட வேண்டாம். கழுத்தில் விழா அனுமதி அட்டை தொங்கினாலும் இடம் நிச்சயமில்லையாம். முந்தி வந்தவர்களுக்குத்தான். அரை மணி நேரம் முன்பே வந்ததால் தப்பித்தேன்.

சித்தப்பா: ஆவணப்படத்துக்கு வரிசையா! அந்தக் காலத்தில் மெயின் படத்துக்கு முன்னால் அரசாங்கச் செய்திப்படம் போடுவார்கள். அது முடியட்டும் என்று நாங்கள் வெளியே நிற்போம்.

தங்கை: அப்பா இப்போதும் அப்படித்தான். டிவியில் பின்னணிக் குரல் கேட்டாலே ரிமோட்டைத் தேடுவார்.

அத்தை: இதற்கென்று தனியாக விழா நடத்துகிறார்களா கண்ணு?

அண்ணன்: ரொம்ப காலமாக நடக்கிறது அத்தை. ஜெர்மனியில் ஓபர்ஹவுசன் குறும்பட விழா 1954-இல் தொடங்கியது. ஆவணப்படங்களுக்கு ஆம்ஸ்டர்டாமில் 1988 முதல், ஜப்பானில் யமகட்டாவில் 1989 முதல். நம் மும்பையில் 1990 முதல்.

சித்தப்பா: இவன் எதைக் கேட்டாலும் வருஷத்தோடு சொல்வான்.

நான் (பகல் 12:05): குறும்படத் தொகுப்பு ஒன்று முடிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் ஆறு படங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே சில விநாடி இருட்டுதான். ஒரு படத்தில் கண் கலங்கி, துடைப்பதற்குள் அடுத்ததில் யாரோ நடனம் ஆடுகிறார்கள். ஆறில் மூன்றில் கடைசியில் ஒருவர் செத்துப்போகிறார். முடிவு கிடைக்காவிட்டால் ஆளைக் கொன்றுவிடலாம் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அண்ணி: ஒன்றாவது தேறியதா?

நான்: தேறியது. பதினொரு நிமிஷம், வசனமே இல்லை. லிஃப்ட் பழுது பார்ப்பவர் ஒருவர் நடுமாடியில் மாட்டிக்கொள்கிறார். கீழே இருப்பவர்கள் அவரையே கூப்பிட்டு லிஃப்ட் ஓடவில்லை என்று புகார் சொல்கிறார்கள். அவ்வளவுதான் கதை. அட்டவணையில் அந்தப் படத்தின் பெயரைக்கூட நான் கவனிக்கவில்லை. வேறு ஒரு படத்துக்காகத்தான் அந்தத் தொகுப்புக்கே போனேன். எதற்காகப் போனேனோ அது சுமார்.

அத்தை: குறும்படம் என்றால் எத்தனை நிமிஷம்?

அண்ணன்: ஆஸ்கரில் 40 நிமிஷத்துக்குள், கடைசியில் பெயர்கள் ஓடுவதையும் சேர்த்து. மற்ற விழாக்கள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கின்றன. ஒன்று தெரியுமா? 1895 டிசம்பர் 28-இல் பாரிஸில் சினிமா முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் பணம் வாங்கிக்கொண்டு படம் காட்டினார்களே, அதுவே குறும்படத் தொகுப்புதான். பத்துப் படம், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு.

சித்தப்பா: அதுதான் சரியான அளவு. அப்புறம்தான் கெட்டுப்போனார்கள்.

சனி

நான் (காலை 11:20): இன்று ஒரு கூத்து. படம் ஓடத் தொடங்கி ஐந்து நிமிஷம் சப்டைட்டில் வரவில்லை. தெரியாத மொழி. படமே அப்படித்தான் போலிருக்கிறது என்று எல்லாரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். இயக்குநரே பின்வரிசையிலிருந்து எழுந்து ஓடிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. நிறுத்தி, முதலிலிருந்து போட்டார்கள்.

தங்கை: அக்கா, அதில் எவ்வளவு புரிந்திருந்தது?

நான்: அம்மாவும் மகளும் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். வீடு பார்க்க வந்தவரிடம் தரகர் பேசிக்கொண்டிருந்தாராம்.

அண்ணி: நாளைக்கு அத்தையையும் கூட்டிப் போகிறாயே, எங்கே உட்கார வைப்பாய்?

நான்: நடு வரிசைக்குக் கொஞ்சம் பின்னால், ஓரத்து இருக்கையில். முன்வரிசை வேண்டாம், சப்டைட்டிலைப் படிக்கக் கழுத்து வலிக்கும். முன்னால் உயரமான தலை இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு படம்தான். கனமான ஆவணப்படம் பார்த்துவிட்டு உடனே இன்னொன்றில் உட்கார்ந்தால் இரண்டுமே கலங்கிப்போகும். நேற்று மாலை நான் அப்படிச் செய்து, இப்போது எந்தத் தாத்தா எந்தப் படத்தில் வந்தார் என்றே தெரியவில்லை.

சித்தப்பா: அக்கா, போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். குளிரும், தூக்கமும் வரும்.

அத்தை: நீ வராமல் இருந்தால் அதுவே போதும் தம்பி.

ஞாயிறு

அத்தை (மாலை 5:10): (குரல் பதிவு, 3:48)

சித்தப்பா: யாராவது எழுதிப் போடுங்கள். அக்கா படபடவென்று பேசுகிறார்கள்.

நான்: நானே சொல்கிறேன். எழுபது நிமிஷப் படம். ஆற்றில் படகு தள்ளும் ஒரு அம்மா. படகுக்குப் பக்கத்திலேயே பாலம் கட்டுகிறார்கள். இரண்டு வருஷம் கூடவே இருந்து எடுத்திருக்கிறார்கள். தூண் உயர உயர அக்கரைக்குப் போகிறவர்கள் அந்த அம்மாவிடம் பேச்சைக் குறைக்கிறார்கள், கூச்சத்தில். அதைப் படத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, பார்க்கும்போது தெரிகிறது. பாலம் திறக்கும் நாளோடு படம் முடிகிறது.

நான்: அப்புறம் இயக்குநரிடம் கேள்வி நேரம். முதல் இரண்டு பேர் கேள்வியே கேட்கவில்லை, சொற்பொழிவு ஆற்றினார்கள். மூன்றாவதாக அத்தை மைக்கை வாங்கினார்கள்.

தங்கை: ஐயோ.

நான்: "தம்பி, படம் நன்றாக இருந்தது. அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார்கள்.

அண்ணி: என்ன சொன்னார்?

நான்: கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எடிட்டிங் தொடங்கியதிலிருந்து அந்த அம்மாவோடு பேசவில்லை, ஒரு வருஷம் ஆகிறது, தெரியவில்லை என்றார். மழுப்பாமல் சொன்னதற்காக எனக்கு அவரைப் பிடித்தது. அத்தைக்குப் பிடிக்கவில்லை.

அத்தை: இரண்டு வருஷம் அவர் படகிலேயே ஏறி இறங்கியிருக்கிறான். ஒரு போன் பண்ண முடியாதா?

அண்ணன்: அத்தை, இது நூறு வருஷத்துக் கேள்வி. அமெரிக்க இயக்குநர் ஃப்ளாஹர்ட்டி வடதுருவப் பக்கம் எடுத்து 1922-இல் வெளியிட்ட நானூக் படத்தைப் பெரும்புகழ் ஆவணப்படம் என்பார்கள். நாயகனின் நிஜப் பெயர் நானூக்கே இல்லை, அல்லகரியல்லக். அதில் மனைவியாக வருபவர் அவர் மனைவி இல்லை. துப்பாக்கியால் வேட்டையாடிக்கொண்டிருந்தவர்களைப் பழைய முறையில் வேட்டையாடச் சொன்னார்கள். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதாமல் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக் கட்டினார்கள். படம் உலகமெல்லாம் ஓடியது. இரண்டு வருஷத்துக்குள் அல்லகரியல்லக் இறந்துபோனார்.

சித்தப்பா: அப்படியானால் ஆவணப்படமும் பொய்தானே. நான் சொன்னால் கேட்பதில்லை.

அண்ணன்: நான் அப்படிச் சொல்லவில்லை சித்தப்பா. லூமியேர் காட்டியதில் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வரும் படம் ஒன்று உண்டு. அதையே மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் ஒரு குதிரை வரும், இன்னொன்றில் இரண்டு, மற்றொன்றில் குதிரையே இல்லை. ஆனால் வெளியே வந்தவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள்தான்.

சித்தப்பா: சரி, நம் ஆள் யாருமே எடுக்கவில்லையா?

அண்ணன்: பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் எடுத்தாரே. 1937-இல் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்தியைப் பற்றிப் படம் எடுக்கத் தோன்றியது. பல நாடுகளில் அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த துண்டுப் படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-இல் படத்தை வெளியிட்டார்.

சித்தப்பா: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இத்தனை பேசியிருக்க மாட்டேன்.

அண்ணி: எனக்கு அத்தை கேட்டதுதான் நியாயமாகப் படுகிறது. கதைப்படத்தில் நாயகி என்ன ஆனாள் என்று கேட்டால் அசட்டுத்தனம். இங்கே அந்த அம்மா நிஜமாக எங்கேயோ இருக்கிறார். கேட்காமல் வந்தால்தான் தப்பு.

தங்கை: அதற்காக ஒவ்வொருவரையும் ஆயுள் முழுக்க விசாரித்துக்கொண்டே இருக்க முடியுமா? அடுத்த படம் எப்போது எடுப்பது?

நான்: அதுவும் உண்மைதான். அந்த இயக்குநர் படியில் அத்தையைத் தேடி வந்தார். இன்று இரவே போன் செய்கிறேன் பாட்டி என்றார். பாட்டி என்றதில் அத்தைக்குக் கொஞ்சம் கோபம்.

அத்தை: அந்தப் படத்தை மறுபடி எப்போது போடுகிறார்கள்?

நான்: விருதுப் பட்டியலில் வந்தால் நாளை மதியம் இரண்டு மணிக்குப் போடுவார்கள் அத்தை. மறுபடியும் அதே படமா?

அத்தை: படத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? போன் பண்ணினானா என்று கேட்க வேண்டும். அவன் வருவானா என்று மட்டும் விசாரித்துச் சொல்.