'ரெட்டிங்': நாரூறல் எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

சணப்பு, புளிச்சை, தேங்காய் மட்டை ஆகியவற்றை நீரில் அமிழ்த்தி வைத்து, நுண்ணுயிர்களின் செயலால் நாரைப் பிரித்தெடுக்கும் 'ரெட்டிங்' முறைக்கு 'அழுகவைத்தல்' என்னும் சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. நிகழ்வதும் ஒருவகை அழுகல்தான் என்பதால் அறிவியல் அளவில் அதில் பிழையில்லை. மலையாளத்தாரும் மட்டையை ஊறப்போடுவதைத் 'தொண்டு அழுக்கல்' என்றே வழங்குகின்றனர். காயலோரத்தில் எழும் அழுகிய முட்டை நாற்றத்தை அறிந்தவர்கள் அப்பெயரைக் குறை சொல்லமாட்டார்கள். ஆயினும் தமிழில் இச்சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கெட்டுப்போவன எல்லாம் அழுகுவதில்லை. தக்காளி அழுகும்; சோறும் குழம்பும் ஊசிப்போகும்; மாவும் பதநீரும் புளிக்கும்; உத்தரம் உளுத்துப்போகும்; கிணற்றுக் கயிறு இற்றுப்போகும்; சாணமும் சருகும் மக்கும். 'ஊசிப்போன தக்காளி' என்று சொன்னால் சிறுபிள்ளைகூடத் திருத்திவிடும். உளுத்தது என்றால் புழுவோ வண்டோ உள்ளே அரித்து மாவாக்கிவிட, மேலே மரத்தின் உருவம் மட்டும் நிற்கிறது என்று பொருள். இற்றது என்பதற்கு உயிரியின் வேலையே தேவையில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து வலுவிழந்த கயிற்றுக்கும், துருவேறிய தகரத்துக்கும் அது பொருந்தும்.

எழுத்து வழக்கில் மட்குதல் எனப்படும் மக்குதலுக்கும் அழுகலுக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கு முதன்மையானது. காற்றுப்பட நிகழ்வது மட்குதல், காற்றின்றி நிகழ்வது அழுகல் என்று பிரிப்பது வசதியாகத் தோன்றும். வழக்கு அதற்கு முழுவதும் இடம் கொடுப்பதில்லை. நடவுக்கு முன் தொழியில் மிதித்த கொளிஞ்சித் தழை, சேற்றுக்கும் நீருக்கும் அடியில் பெரும்பாலும் காற்றின்றியே சிதைகிறது. எனினும் 'தழை மக்கட்டும்' என்றுதான் உழவர் காத்திருக்கிறார். மக்கியது மண்ணுக்கு ஆகும், அழுகியது எதற்கும் ஆகாது. அவருடைய சொல் வேதியியலைப் பாராமல் விளைவைப் பார்க்கிறது.

அந்த அளவுகோலை நாருக்கு வைத்துப் பார்த்தால் இரு சொல்லுமே பொருந்தவில்லை. நாரிழைகளைத் தண்டோடு பிணைத்திருக்கும் பெக்டின் கரைய வேண்டும். இழையின் உடலாகிய செல்லுலோஸ் கெடாமல் நிற்க வேண்டும். அதாவது, சிதைவைப் பாதி வழியில் நிறுத்தத் தெரிந்திருப்பதே இத்தொழிலின் திறம். சணப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் அது வயலில் மக்கி உரமாகிறது, அதே செடியை முற்றவிட்டு அறுத்துக் கட்டுக்கட்டாகக் குளத்தில் போட்டால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் நார் கழலும். குளத்தில் கிடப்பதை இங்கே எவரும் மக்குகிறது என்று சொல்வதில்லை, ஊறுகிறது என்பார்கள்.

ஆகவே 'நாரூறல்' என்பது என் முன்மொழிவு. ஊறல் வெறும் நனைதலைத்தானே குறிக்கும் என்ற மறுப்பு எழக்கூடும். ஊறவைத்த அரிசிக்கு அது சரி; சாராய ஊறலுக்குச் சரியன்று. செய்தித்தாளில் வாரந்தோறும் அழிக்கப்படும் அந்த ஊறலில் நுண்ணுயிரும் நாள்கணக்கும் சேர்ந்தே இருக்கின்றன. (கலைச்சொல்லுக்குச் சாராயத்தைச் சான்று காட்டுவதற்கு மன்னிக்கவும்.) பதனழிதலைக் குறிக்கும் 'ஊழ்த்தல்' என்னும் பழஞ்சொல்லை மீட்கலாம் என்ற கருத்தையும் படித்தேன், அது மலர்தலையும் குறிப்பது, இன்றைய வாசகருக்கோ ஊழ்வினையை நினைவூட்டுவது. 'சிதைவு' கதிரியக்கத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது.

பத்தமடைப் பாய்க்குக் கோரையை ஓடும் நீரில் சில நாள் போட்டு வைப்பதையும் இச்சொல்லுக்குள் அடக்கலாமா என்று கேட்கலாம். கூடாது என்றே நினைக்கிறேன். அங்கே கோரை நீர்குடித்துப் பருப்பதே நோக்கம். பெக்டினைக் கரைத்து இழையைப் பிரிப்பது நோக்கமன்று. அது ஊறல், ஆனால் நாரூறல் அன்று.

செயலைச் சொல்லும்போது 'நாரூறவைத்தல்' என்றும், நிகழ்வைச் சொல்லும்போது 'நாரூறல்' என்றும் ஆளலாம். நாருக்காக வளர்க்கும் ஆளிச் செடியின் தண்டைப் பனித்துளி படும்படி வயலில் பரப்பிவைக்கும் ஐரோப்பிய முறை பனியூறல் ஆகும். நாள் மிகுந்து செல்லுலோஸும் கெட்டால் அது மிகையூறல். மிகையூறலில் நார் அழுகிற்று என்று எழுதாமல் இற்றது என்றே எழுதவேண்டும். இழுத்தால் அறுகிறது என்பதுதான் அங்குள்ள குறை.