சின்ன அடுப்படியில் டிஷ்வாஷர்: வாங்கியவர்களுக்கு நடந்தது

காரைக்குடி மருமகள்:

எங்கள் வீட்டை வெளியே நின்று பார்த்தால் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும், ஆனால் எங்கள் புள்ளிக்கென்று, அதாவது பெரிய குடும்பத்தில் கல்யாணமான எங்கள் ஜோடிக்கென்று, இருக்கிற அடுப்படி எட்டடிக்கு ஆறடிதான். வேறு வைத்த, அதாவது தனிச் சமையல் தொடங்கிய நாளிலிருந்து அதில்தான் சமைக்கிறேன். இந்த மாதிரி வீட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. எட்டுப் பேர் அளவு மெஷின் வாங்கினோம். அகலம் 55 செ.மீ., உயரம் 60-க்குக் கொஞ்சம் குறைவு, மேலே பலகைக்கு இடிக்காது என்று இரண்டு தடவை டேப் பிடித்துப் பார்த்தேன். ஆழத்தை அளக்கவில்லை. மேடை கடப்பைக்கல், பழைய நாள் அளவு, 18 அங்குலம். மெஷின் ஆழம் 50 செ.மீ., பின்னால் ஓஸ் வளைய இன்னும் ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரல் வேண்டும்.

தூக்கி வந்த இரண்டு பேரும் மேடையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார்கள், முன்பக்கக் கால் இரண்டும் அந்தரத்தில் நின்றன. நான் அப்படியே நின்றுவிட்டேன். மாமியார் ஒன்றும் பேசவில்லை, நடந்து வந்து அந்த முன் மூலைக்கு அடியில் கையைக் கொடுத்தார், தொட்டில் விளிம்புக்கு வந்துவிட்ட பிள்ளையைப் பிடிப்போமே அப்படி. திரும்ப இறக்கும்வரை கையை எடுக்கவில்லை. எழுபத்து மூன்று வயது அவருக்கு. அந்தக் கைதான் பன்னிரண்டு நாளாகக் கண்ணுக்குள் நிற்கிறது. பெட்டி இப்போது இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது, இன்னும் ஒரு தட்டுக்கூடக் கழுவவில்லை.

தேவகோட்டை ஆச்சி:

இடம் எனக்குச் சிக்கலாக இல்லை, தண்ணீர்தான். வாங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது, சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். வெள்ளைப் பணியாரம், மிளகாய்ச் சட்னி எல்லாம் எடுத்துவைத்து, மெஷினில் கழுவிய கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். சம்பந்தி ஆச்சி டம்ளரை முற்றத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார், முந்தானையால் ஒருமுறை துடைத்தார், அப்புறம் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார். ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்.

டம்ளர் முழுக்க வெள்ளைப் படலம். அழுக்கில்லை, எங்கள் போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு. அடுத்த வாரமே தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதித்தேன், கடினத்தன்மை லிட்டருக்கு 640 மி.கி. வந்தது. குடிநீருக்கு 200-க்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. மெஷினுக்குள்ளேயே தண்ணீரை மென்மையாக்கும் பகுதி ஒன்று இருக்கிறது, அது வேலை செய்ய அதற்கென்று விற்கிற கல் உப்பு போட வேண்டும், உங்கள் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று மெஷினில் எண்ணும் மாற்றிவைக்க வேண்டும். மாட்டித்தர வந்த பையன் இரண்டையும் செய்யவில்லை, எனக்கும் தெரியாது. இப்போது கண்ணாடி கண்ணாடியாக இருக்கிறது. ஆனால் அவர்கள் மறுபடி எப்போது வருவார்களோ.

செக்காலை வாசி:

ஆச்சி சொல்வதை எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வருவது சம்பை ஊற்றுத் தண்ணீர், உப்பு அளவை ஆகக் குறைந்த படியில் வைத்திருக்கிறேன், ஒன்றரை வருடமாக ஒரு புள்ளி வெள்ளை இல்லை. நம் ஊரில் தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறும். பரிசோதிக்காமல் உப்பு மூட்டை வாங்கி அடுக்காதீர்கள்.

எனக்கு நடந்தது இரண்டு வரிதான். அம்மாவின் அலுமினிய இட்லிச் சட்டியை இரவில் உள்ளே வைத்தேன், காலையில் திறந்தால் கரியாகக் கறுத்திருந்தது. அம்மா அதைத் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், விரல்தான் கறுத்தது. அம்மா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த சட்டி.

அதனால் சொல்கிறேன், வாங்கப் போகிறவர்கள் முதலில் வீட்டில் என்னென்ன ஏனம் இருக்கிறது என்று கீழே பரப்பிவைத்துப் பாருங்கள். கழுவும் பொடி காரத்தன்மை உள்ளது, தண்ணீர் சூடு 60, 70 டிகிரி வரை போகும். அலுமினியம் கறுக்கும், பித்தளையும் செம்பும் மங்கிப்போகும், இரும்புத் தோசைக்கல்லும் பணியாரச் சட்டியும் எண்ணெய்ப் பழக்கம் போய்த் துருப்பிடிக்கும், மர அகப்பை வெடிக்கும். கல்சட்டியையும் ஈயச்சொம்பையும் பற்றி யோசிக்கவே வேண்டாம், வெளியில் வையுங்கள். எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி, இதெல்லாம் தாராளமாகப் போடலாம். முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய பழைய எனாமல் தட்டு இருந்தால், விளிம்பு பெயர்ந்ததைப் போடாதீர்கள், பெயர்ந்த இடத்தில் இரும்பு வெளியே தெரியும், அங்கே துரு ஏறும்.

இன்னொன்று, எட்டுப் பேர் அளவு என்றால் நம் வீட்டு எட்டுப் பேர் இல்லை. வெள்ளைக்காரர்கள் கணக்கில் ஒரு ஆளுக்குப் பெரிய தட்டு, சூப் தட்டு, சின்னத் தட்டு, கப், சாசர், கிளாஸ், கரண்டி முள்கரண்டி, இவ்வளவுதான். இந்த இயந்திரத்துக்கு 1886-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஜோசஃபின் காக்ரேன் என்ற அம்மாளுக்கு, வேலைக்காரர்கள் கழுவும்போது பீங்கான் தட்டு விளிம்பு உடைகிறதே என்பதுதான் குறை. தட்டுக்காகவே பிறந்தது இது. நம் குழம்புச் சட்டியும் வாணலியும் குக்கரும் உள்ளே போனால் ஒவ்வொன்றும் மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொள்ளும். கடைக்குப் போகும்போது உங்கள் பெரிய சாப்பாட்டுத் தட்டையும் தினம் புழங்கும் குழம்புச் சட்டியையும் பையில் எடுத்துப்போங்கள், உள்ளே கவிழ்த்து வைத்து, தண்ணீர் பீய்ச்சுகிற கையைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். இடித்தால் அந்த மெஷின் உங்களுக்கு இல்லை.

கானாடுகாத்தான்:

செக்காலை அண்ணே, சட்டி தட்டு எல்லாம் சரி, தண்ணீர் மெஷினுக்கு ஏறுகிறதா என்று யாருமே சொல்லவில்லையே. எங்களுக்கு அங்கேதான் அடி.

எங்கள் அடுப்படி பின்கட்டில், தாழ்ந்த ஓட்டுக் கூரை. தொட்டி கிணற்றடியில் ஏழடி மேடைமேல் இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முதல் நாள் இரவு ஒன்பதரை மணிக்கு ஓடவிட்டேன், ஐந்து நிமிடத்தில் நின்று, குழாய்ப் படம் மினுங்க, விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்தது. அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். தண்ணீர் பத்தவில்லையாம் அப்பா என்றேன். ஒன்றும் கேட்காமல் கிணற்றடிக்குப் போய் ஒரு குடம் இறைத்துத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, எங்கே ஊத்தணும்னு சொல்லு என்று மெஷின் முன்னால் நின்றார். ஊற்ற அதில் வாய் இல்லை. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மெஷினை வாங்கிக் கொடுத்ததே அவர்தான், அவர் பென்ஷன் பணத்தில்.

பெரும்பாலான மெஷினுக்குக் குறைந்தது 0.4 பார் அழுத்தம் வேண்டும். அப்படியென்றால் தொட்டித் தண்ணீர் மெஷினைவிட நாலு மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும், பதின்மூன்று அடி. எங்களுக்கு அதில் பாதிகூட இல்லை. பிற்பாடு சின்ன பிரஷர் பம்ப் வைத்தோம், இப்போது ஓடுகிறது. கையாலேயே ஐந்து லிட்டர்போல ஊற்றி ஓட்டுகிற சின்ன மாடலும் விற்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு தடவை கழுவ எட்டுப் பேர் அளவு மெஷினுக்கே ஏறக்குறைய 8 லிட்டர்தான் ஆகும், அப்பா தூக்கி வந்த அந்த ஒரு குடமே போதுமானதாக இருந்திருக்கும்.

புதுவயல்:

அப்பாவை நினைத்துக் கண் கலங்கிவிட்டது தம்பி.

என் பங்குக்கு ஒன்று. வெண்டைக்காய் மண்டி செய்த சட்டியை வழிக்காமல் அப்படியே உள்ளே வைத்துவிட்டு மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டோம். திரும்பிக் கதவைத் திறந்ததும் வந்த நாற்றம் இருக்கிறதே! அடியில் இருக்கிற வடிகட்டியைக் கழற்றினால் கருவேப்பிலை, புளிச்சக்கை, மிளகாய்த் தோல், எல்லாம் கூழாகக் கிடந்தது. கழுவிப் போட வேண்டாம், ஆனால் வழித்துத்தான் போட வேண்டும். மாவுப் பாத்திரத்தைக் காயவிடாமல் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வடிகட்டியை வாரத்துக்கு ஒருமுறை எடுத்து அலசுங்கள்.

கோட்டையூர் வளவு:

நீங்கள் எல்லோரும் மெஷினைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு.

எங்கள் வீட்டில் சாமான் விளக்க இருபத்திரண்டு வருடமாக ஒருவர் வருகிறார், என் பிள்ளைகள் இரண்டும் அவர் இடுப்பில் வளர்ந்தவை. மெஷின் வந்த மறுநாள் காலை வழக்கம்போல வந்தார். அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. பின்கட்டுக்குப் போய் எல்லாவற்றையும் விளக்கினார், அன்றைக்கு அடுக்குப் பானைகளையும் இறக்கி அவராகவே புளி போட்டுத் தேய்த்தார், கவிழ்த்து வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்று, நாளைக்கு வரவா ஆச்சி என்று கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. இதென்ன கேள்வி, வா என்று சொன்னேன், ஆனால் சொல்வதற்கு முன் ஒரு நொடி பேசாமல் நின்றுவிட்டேன். அந்த ஒரு நொடியை அவர் பார்த்தார்.

முதல் நாளே அவரை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு முட்டி வலி, மழைக்காலம் வந்தால் விரலிடுக்கெல்லாம் புண், அதற்காகத்தான் வாங்கினேன், அதைச் சொல்லாமலே பெட்டியை இறக்கிவிட்டேன். இப்போதும் வருகிறார், சம்பளம் அதேதான். பித்தளையும் பெரிய சாமானும் அவர் கையில், தட்டு டம்ளரெல்லாம் மெஷினில், அடுக்குவதும் அவர்தான், என்னைவிட நன்றாக அடுக்குகிறார். கரண்டியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கிறது. வீட்டில் ஆள் வைத்திருப்பவர்கள் யாராவது மெஷின் வாங்குவதாக இருந்தால், கடைக்குப் போவதற்கு முன்னால் அவர்களிடம் பேசிவிடுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:

கோட்டையூர் ஆச்சி, அந்த ஒரு நொடி எனக்குப் புரிகிறது. நீங்கள் அவரை விடவில்லையே, அது போதும்.

செக்காலை தம்பிக்கு ஒரு பதில். உங்கள் தெருவில் நல்ல தண்ணீர் என்றால் நல்லது. ஆனால் நான் மூட்டை மூட்டையாக வாங்கச் சொல்லவில்லை, பரிசோதித்துவிட்டுத்தான் எண்ணை மாற்று என்று நானும் எழுதியிருக்கிறேன், மறுபடி படித்துப் பாருங்கள். கடையில் எனக்குச் சொன்னது, கழுவும் பொடிக்குப் பதிலாகப் போடுகிற மாத்திரையிலேயே உப்பு இருக்கிறது, தனியாக வேண்டாம் என்று. பொடி, உப்பு, பளபளப்புத் திரவம் மூன்றும் ஒன்றாக இருக்கிற மாத்திரை ஏறக்குறைய 375 கடினத்தன்மை வரைதான் தாங்கும், எங்கள் 640-க்கு அது எந்த மூலைக்கு? போர் தண்ணீர்க்காரர்கள் அதை நம்பி ஏமாற வேண்டாம். அப்புறம், வீட்டுத் தூள் உப்பைப் போடாதீர்கள், அது கட்டிக்கொள்ளும். உப்பு போடும்போது மெஷினுக்குள் சிந்தினால் உடனே ஒரு தடவை ஓட்டிவிடுங்கள், விட்டால் அடித்தகடு துருப்பிடிக்கும்.

காரைக்குடி மருமகளே, அந்தப் பெட்டியை ஏன் தாழ்வாரத்தில் பூட்டி வைத்திருக்கிறாய்? மேடையில் வைத்தே ஆக வேண்டுமா? ஒரு ஸ்டாண்டு அடித்து இருக்கிற இடத்திலேயே ஓட்டு.

காரைக்குடி மருமகள்:

ஆச்சி, நீங்கள் சொன்னதைத்தான் செய்தோம். வெல்டிங் கடையில் இரும்பு ஸ்டாண்டு, இடுப்புயரம், ஆழம் 60 செ.மீ., கதவைத் திறந்தால் இன்னும் ஒரு அடிக்கு மேல் முன்னால் வரும், அதற்கும் தாழ்வாரத்தில் இடம் இருக்கிறது. பக்கத்திலேயே கை கழுவும் தொட்டி, குழாய். கானாடுகாத்தான் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி உயரத்தை முதலில் அளந்தேன், மொட்டைமாடியில் இருக்கிறது, ஸ்டாண்டு உயரத்தைக் கழித்தாலும் பதினாலு அடி வருகிறது, அதனால் பயமில்லை. அழுக்குத் தண்ணீர் போகிற ஓஸின் முனை தொட்டித் தண்ணீரில் முங்காமல் மேலே கொக்கி போட்டுக் கட்டியிருக்கிறோம். பழைய ஒயரிங்கை நம்பாமல் தனியாக 16 ஆம்பியர் பாயின்ட் இழுத்து எர்த்தும் பார்த்தாகிவிட்டது. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், முடிவு வரும்வரை நடு அளவில் வைத்து உப்பு போட்டிருக்கிறேன்.

நேற்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் தடவை ஓட்டினோம். எவர்சில்வர் தட்டு ஒன்பது, டம்ளர், கிண்ணம், ஒரு சின்னக் குழம்புச் சட்டி. தட்டு 27 செ.மீ., இரண்டு தட்டைச் சாய்த்துத்தான் வைக்க முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது மாமியார் வந்தார். நேராகப் போய் அந்த முன் மூலைக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தார். ஸ்டாண்டு கெட்டியாக இருந்தது. கையை எடுத்துக் கதவின் மேல் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, சுடச்சுடக் கழுவுது ஆத்தா, என்றார்.